விரிசலுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள்

போன மாதம் ஓர் இளம் பொறியாளர் என் கைப்பேசிக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தார். நான் பணியில் இருந்த கடைசிக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர், நல்ல பெண். படத்தில் ஒரு பாலம். தூண்களில் மயில், தாமரை. கைப்பிடிச் சுவரில் நெல் வயல். உத்திரங்களின் பக்கவாட்டிலும் அடியிலும் பளபளவென்று நீலப் பெயிண்ட், ஓரத்தில் மஞ்சள் பட்டை. "மேடம், அழகுபடுத்துற திட்டத்துல செஞ்சது. எப்படி இருக்குது? விழா மலருக்கு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன்" என்று ஒரு குரல் செய்தியும் கூடவே வந்தது.

இரண்டு வரியில் முடியாது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். எழுதியது இதுதான். விழா மலரில் போடுவார்களா என்று கேட்காதீர்கள். போட மாட்டார்கள்.

தூணில் மயில் வரைந்துகொள்ளுங்கள். சுவரில் வயல் வரையுங்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. உத்திரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கான்கிரீட்டைக் காப்பாற்றுகிற பூச்சுகள் உண்டு. பரிசோதனை செய்து, தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு அவற்றைப் பூசலாம். யாரோ பெரிய மனிதர் காரில் வருகிறார் என்பதற்காக அவசர அவசரமாக அடிக்கிற பெயிண்ட் வேறு. அதனால் ஒரு பாலம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்காக மெமோ வாங்கியவள் நான்.

என் பணிக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது திண்டிவனம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவர்கள். மிஷன் பள்ளிக்கூடம், அரசுக் கல்லூரி, பிறகு சென்னையில் பாலம் வடிவமைக்கும் பிரிவில் சில ஆண்டுகள், அதன் பிறகு கூட்டேரிப்பட்டு பக்கம் உத்திரம் வார்க்கும் களத்தில் சில ஆண்டுகள். மிச்ச காலமெல்லாம் விழுப்புரத்தைச் சுற்றிப் பாலங்களுக்கு அடியில் போயிற்று. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிய பொம்பளை இன்ஜினீயர் என்றால் அந்தப் பக்கத்தில் இன்னும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முன்தகைவு உத்திரங்கள். அது என்னவென்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் செங்கற்களை வரிசையாக வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி, மொத்தமாகத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ஒட்டும் கிடையாது. அழுத்தம்தான் பிடித்திருக்கிறது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் எல்லாம் காலில் விழும். முன்தகைவு உத்திரத்தில் அந்தக் கையின் வேலையைச் செய்வது எஃகுக் கம்பிக் கற்றை. உத்திரத்துக்குள் குழாய் விட்டு, அதற்குள் கற்றையைக் கோர்த்து, கான்கிரீட் இறுகிய பிறகு ஜாக்கியால் இழுத்து, இரண்டு முனையிலும் பூட்டிவிடுவார்கள். தூளித் துணி தொங்குவது போல, முனைகளில் உயரமாகவும் நடுவில் தாழ்வாகவும் அந்தக் குழாய் வளைந்து போகும்.

இழுக்கிற அன்று களமே பரபரப்பாக இருக்கும். எவ்வளவு அழுத்தம், கம்பி எவ்வளவு நீண்டது, இரண்டும் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். ஜாக்கிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்று கத்திக்கொண்டே இருப்போம். இழுத்துப் பூட்டியானதும் பெரிய அதிகாரிகள் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கிற வெற்றிடத்தைச் சிமெண்டுப் பாலால் நிரப்ப வேண்டும். ஒரு முனையில் பம்ப் பண்ணினால் மறு முனையில் முதலில் தண்ணீர் வரும், பிறகு நுரை வரும், பிறகுதான் கெட்டியாகப் பால் வரும். கெட்டியாக வருகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு மூட வேண்டும். உடம்பெல்லாம் சிமெண்டாகிற வேலை. பார்க்க யாரும் இல்லாத வேலை. செய்யாவிட்டாலும் உத்திரம் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். திருடுகிறவன் திருடுவது இந்த இடத்தில்தான். சிமெண்டுப் பால் இல்லாத குழாயில் நாளடைவில் மழைத் தண்ணீர் இறங்கும். கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும். சாதாரண உத்திரம் என்றால் தொய்ந்து காட்டும், ஊருக்கே தெரியும். இது அப்படி இல்லை. உள்ளே ஒவ்வொரு கம்பியாக அறுந்துகொண்டிருக்கும்போதும் வெளியே நேராக நிற்கும். மெல்லிய ஒரு விரிசல், கொஞ்சம் பழுப்புக் கறை, அவ்வளவுதான் அது காட்டுகிற அடையாளம்.

அதனால்தான் பார்ப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். மழை ஓய்ந்த பிறகு போவேன், ஆற்றில் தண்ணீர் வடிந்ததும். காலை வெயில் சாய்வாக உத்திரத்தின் முகத்தில் விழுகிற நேரம்தான் சரியான நேரம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. ஏணியில் ஏறி உத்திரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பேன். ஈரம் காயும்போது கான்கிரீட் வெளுக்கும், விரிசல் மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கருப்புக் கோடாக நிற்கும். கோட்டின் இரண்டு முனையிலும் மெழுகுக் கிரேயானால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவேன். குழந்தைகள் படம் வரைகிற அதே கிரேயான். அடுத்த முறை வரும்போது விரிசல் அந்தக் குறுக்குக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். வளராத விரிசலோடு பல காலம் வாழலாம். வளர்கிற விரிசலோடு வாழ முடியாது.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருகிறேன். கண்டாச்சிபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், கரும்பு விளைகிற ஊர்களுக்கு நடுவில் உள்ள பாலம். அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. ஐந்து கண் பாலம். மூன்றாவது கண்ணில், ஓரத்திலிருந்து இரண்டாவது உத்திரத்தில், ஈரம் காய்ந்தபோது ஒரு கோடு தெரிந்தது. நேர்க்கோடு இல்லை. நடுவில் தாழ்ந்து, இரு பக்கமும் மெல்ல மேலே ஏறியது. உள்ளே கம்பிக் குழாய் எப்படி வளைந்து போகிறதோ அப்படியே வெளியே வரைந்து வைத்த மாதிரி. பாதி தூரத்தில் துருக் கறை வழிந்திருந்தது.

ஏணியில் ஒரு படி கீழே இறங்கி மறுபடி அண்ணாந்து பார்த்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர் பச்சையப்பன், "இன்னாம்மா, தேனீ கீதா?" என்று கேட்டார். தேனீயாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழக்கம் போல இரண்டு முனையிலும் கிரேயான் கோடும் தேதியும் போட்டுவிட்டு இறங்கினேன். கனரக வண்டிகளை உடனே நிறுத்த வேண்டும், குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அன்றே எழுதி மேலே அனுப்பினேன். எங்கள் மேலதிகாரியின் பெயர் இங்கே வேண்டாம். நாங்கள் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். அறைக்குள் போனால் முதலில் நாற்காலியைக் காட்டுவார், பிறகு டீ சொல்வார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். கோப்பு எதுவாக இருந்தாலும் ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புவார்: 'பேசவும்'. வேண்டும் என்றும் எழுத மாட்டார், வேண்டாம் என்றும் எழுத மாட்டார். எல்லாம் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சுக்கு ஏது சாட்சி? அவருடைய பணிக்காலம் முழுக்க அவர் எடுத்த முடிவு என்று காட்ட ஒரு காகிதம்கூடக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

என் கோப்பும் 'பேசவும்' என்று திரும்பி வந்தது. போய்ப் பேசினேன்.

"அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா இப்ப ஆலை ஓடுற சீசன். கரும்பு வண்டிய நிறுத்தினா நாளைக்கே மறியல். அதுவும் இல்லாம அந்த வழியா ஒரு முக்கியமான விருந்தாளி வர்றாரு, உங்களுக்கே தெரியும்."

"சார், அது குழாயோட போற விரிசல். சாதாரண வெடிப்பு இல்ல."

"விரிசல் இல்லாத கான்கிரீட்டை எனக்குக் காட்டுங்க பார்ப்போம்." சிரித்தார். "சீசன் முடியட்டும். நிதானமாப் பார்ப்போம்."

"அப்படின்னா கோப்புல அதையே எழுதிடுங்க சார். சீசன் முடியுற வரைக்கும் வண்டி போகலாம்னு."

கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். "டீ ஆறிடப் போவுது, குடிங்கம்மா" என்றார்.

சில வாரம் கழித்து மறுபடி அந்தப் பாலத்துக்குப் போனேன். ஆற்றில் இறங்கும்போதே பெயிண்ட் வாசனை. அண்ணாந்து பார்த்தேன். ஐந்து கண்ணும் இளம் மஞ்சள். உத்திரங்களின் அடிப்பக்கம் காவிச் சிவப்பு. என் விரிசல் இல்லை, கறை இல்லை, தேதி இல்லை. துருவின் நிறத்திலேயே பெயிண்டைத் தேர்ந்தெடுத்தவன் தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். "மேலிடத்து உத்தரவுன்னு சொன்னாங்கம்மா. ஆளுங்க வந்து ஜல்தி ஜல்தியா அடிச்சிட்டுப் போய்க்கினே இருந்தாங்க. பட்டி வச்சித் தேச்சி, அதுக்கு மேல பெயிண்ட்டு. உங்க கோட்ட அழிக்காதீங்கன்னு சொன்னேன். யாரு கேக்கறா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. நோயாளியின் நாடியைப் பார்க்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டு, நோயாளிக்குப் பவுடர் பூசி உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஏணியைப் போடச் சொன்னேன். ஜீப்பிலிருந்து உளியும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, வேணாம்மா. புதுப் பெயிண்ட்டு. கேள்வி வரும். எனக்கும் சேத்து பேஜாராயிடும்."

"நீங்க ஏணிய மட்டும் பிடிங்க. சுரண்டப் போறது நான்தான்."

எந்த இடம் என்று தேடிக் கஷ்டப்படுவேன் என்று நினைத்தேன். கஷ்டப்படவில்லை. மெழுகின் மேல் அந்த மலிவுப் பெயிண்ட் ஒட்டவில்லை. நான் கோடு போட்டிருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் சுருங்கிச் செதிலாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. என் கையெழுத்தில் என் தேதி. குறுக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டியைச் சுரண்டினேன். விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு சாண் தாண்டிப் போயிருந்தது. தலைக்கு மேல் கரும்பு வண்டி ஒன்று போயிற்று, பெயிண்ட் துகள் என் முகத்தில் விழுந்தது.

இதைப் படம் எடுத்து மறுபடி எழுதினேன். இந்த முறை 'பேசவும்' வரவில்லை. எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். படியுங்கள், இன்னொரு முறை படியுங்கள். உத்திரத்துக்குள் கம்பி அறுந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சேதமானது பெயிண்ட்!

மெமோவைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பாலத்துக்குப் போனேன். மணல் நிரப்பிய தார் டிரம்களை இரண்டு முனையிலும் வைக்கச் சொன்னேன். கார், ஆட்டோ, பைக் போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி. 'கனரக வாகனம் செல்லத் தடை' என்று பலகையில் எழுதிக் கட்டினேன். ஆபத்து என்று கருதினால் அந்த இடத்துப் பொறியாளர் வண்டியை நிறுத்தலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

மதியத்துக்குள் இரண்டு பக்கமும் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டன. கூட்டத்தின் முன்னால் வந்து நின்றவர் ஏழுமலை. சொந்த நிலத்தில் கரும்பு போட்டிருந்தவர். அன்றைக்கு அவருடைய இரண்டு டிப்பர் கரும்பும் வரிசையில் நின்றது.

"இன்னா மேடம் இது? ஆலையில கரும்பு வெட்ட கட்டிங் ஆர்டர் வாங்கறதுக்கே நாய் படாத பாடு பட்டுக்கினு கீறோம். வெட்டின கரும்பு வண்டியிலயே காஞ்சிக்கினு கீது. ஒரு நாளு லேட்டானா எடை எறங்கிப் போவும். நீ குடுப்பியா?"

"குடுக்க முடியாதுங்க. ஆனா இந்தப் பாலம் உங்க வண்டியத் தாங்காது."

"நேத்து தாங்கிச்சே? இப்பத்தான பெயிண்ட்டு அடிச்சி புதுசாட்டம் வச்சிகீறாங்க!"

அவரைக் கீழே கூட்டிப் போய் விரிசலைக் காட்டினேன். கழுத்தை வளைத்துப் பார்த்தார். "இந்தக் கோட்டுக்கா? எங்க வூட்டு செவுத்துல இத விடப் பெருசா கீது" என்றார். நான் எவ்வளவு விளக்கியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிப் போனால் ஆலைக்கு இரண்டு பங்கு தூரம். டீசல் யார் கொடுப்பது? அவருடைய கோபத்தில் தப்பே இல்லை. தப்பு செய்தவர்கள் யாரும் அங்கே வெயிலில் நிற்கவில்லை. நின்றது அவரும் நானும்.

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் ஜீப் வந்தது. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியுங்க. மேடம் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க. வேலையில ரொம்ப அக்கறை, அதான். இப்ப டிரம்ம எடுத்துடுவாங்க, நீங்க போகலாம்."

கூட்டம் கை தட்டியது. அக்கறை என்ற சொல்லை ஒரு வியாதியின் பெயரைப் போலச் சொல்ல அவரால் முடிந்தது. பச்சையப்பன் என்னைப் பார்த்தார். நான் டிரம்முக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"எடுத்துடறேன் சார். பாலம் பத்திரமா இருக்கு, கரும்பு வண்டி போகலாம்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே எடுத்துடறேன்."

"அம்மா, அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"வேணாம் சார். இங்கயே எழுதுங்க. பேனா வேணும்னா நான் தர்றேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தில் ஒருவர், "எழுதிக் குடுங்க சார், ஒரு கையெழுத்துதான?" என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். அவர்கள் எனக்காகச் சொல்லவில்லை. வண்டி நகர வேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள். பெரியவர் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏழுமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், கையெழுத்து போட மாட்றீங்க?" என்றார் மெதுவாக. "நீங்க ஒரு கையெழுத்து போடவே யோசிக்கறீங்க. எம் புள்ள டிராக்டர் ஓட்டிக்கினு இதுமேல போவணுமா?"

பெரியவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். ஏழுமலை திரும்பி நடந்தார். டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து, "ரிவர்ஸ் எட்றா" என்று கத்தினார். நான் ஒரு மணி நேரம் விளக்கியதில் நம்பாதவர், என் அதிகாரியின் மௌனத்தைப் பார்த்து நம்பினார். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் நகர்ந்தது. போகும்போது யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அந்த சீசன் முழுக்க அவர்கள் சுற்றித்தான் போனார்கள். காய்ந்த கரும்பைத்தான் ஆலையில் இறக்கினார்கள்.

இவ்வளவு பேர் முன்னால் நடந்த பிறகு மூடி மறைக்க முடியவில்லை. சென்னையிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். குழாய் தாழ்ந்து வருகிற நடு இடத்தைக் குறித்து, கம்பியில் படாமல் மெல்ல மெல்லத் துளை போட்டார்கள். துளை உள்ளே எட்டியதும் துரப்பணம் பிடித்திருந்தவர் "ஐயோ" என்று பின்னால் துள்ளினார். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. சாக்கடை மாதிரி நாற்றம். வந்துகொண்டே இருந்தது. எத்தனை மழையின் தண்ணீரோ. நின்ற பிறகு ஒயரில் கட்டிய சிறிய கேமராவை உள்ளே விட்டார்கள். சிமெண்டுப் பால் ஒரு சொட்டுகூட இல்லை. கம்பிகள் துருவேறித் தடித்துக் கிடந்தன. அறுந்த முனைகள் துடைப்பக் குச்சி மாதிரி விரிந்திருந்தன.

பெரியவர் என் அருகில்தான் நின்றிருந்தார். திரையைப் பார்த்தார். பிறகு நிபுணர்கள் காதில் விழுகிற மாதிரி என்னிடம், "பார்த்தீங்களாம்மா, இதைத் திறந்து பார்க்கணும்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார்.

நான் அவரை அடிக்கவில்லை. அதை என் பணிக்காலத்தின் சாதனைகளில் ஒன்றாக எண்ணுகிறேன்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. உத்திரம் பலவீனமானதற்கு வெள்ளமும் காலமும் காரணம் என்று முடிவு வந்தது. வெள்ளம் வந்து குழாய்க்குள்ளிருந்த சிமெண்டைக் குடித்துவிட்டுப் போயிற்று போலும்! வேலையை எடுத்தவர் பெயர் இல்லை, அன்றைக்குக் களத்தில் நின்று 'சரி' என்று சொன்னவர் பெயர் இல்லை, பெயிண்ட் அடிக்கச் சொன்னவர் பெயரும் இல்லை. அந்தக் கோப்பு முழுவதிலும் தப்பு செய்ததாகக் குறிப்பிடப்பட்ட ஒரே ஆள் நான். 'இனிமேல் உரிய அனுமதி பெற்றுச் செயல்படுமாறு எச்சரிக்கப்படுகிறார்' என்று என் மெமோவை முடித்தார்கள். பெரியவர் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவருடைய நிதானத்தைப் பற்றி ஆறு பேர் பேசினார்கள்.

அந்தக் கண்ணை இடித்துப் புது உத்திரங்கள் வைத்தார்கள். பழைய உத்திரத்தை அறுத்து இறக்கிய அன்று ஏழுமலை வேடிக்கை பார்க்க வந்திருந்தார். உத்திரத்தின் அறுபட்ட முனையில் தெரிந்த வெற்றுக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் துருவாகி வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதக் கட்டினவங்க வேற எங்கல்லாம் கட்டிகீறாங்க மேடம்?"

அதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. சொன்னேன். இன்னும் இரண்டு பாலம், ஒன்று அனந்தபுரம் போகிற வழியில், இன்னொன்று விழுப்புரம் போகிற கிளைச் சாலையில். மறு திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கரும்பு விவசாயிகள் மனுவோடு நின்றார்கள். எனக்கு இன்னொரு மெமோ வந்தது. ஆனால் அனந்தபுரம் வழிப் பாலத்தைத் திறந்து பார்க்க உத்தரவும் வந்தது.

துளை போட்டோம். துரப்பணத்தின் நுனியில் உலர்ந்த சாம்பல் நிறத் தூள் வந்தது. நல்ல கெட்டிச் சிமெண்டு. குழாய் முழுக்க நிறைந்திருந்தது. யாரோ ஒரு களப் பொறியாளர், யாரும் பார்க்காத நேரத்தில், கெட்டியாகப் பால் வரும்வரை நின்றிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். என் கூட வந்த அதிகாரியோ கடுப்பில் இருந்தார். "ஒண்ணுமே இல்ல பாருங்க. நல்லா இருந்த பாலத்துல வீணா ஓட்டை போட்டாச்சு" என்றார். நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி வீணாகும்? அன்றைக்குத்தான் அந்தப் பாலத்தின் மேல் வண்டி போகலாம் என்று ஒரு பொறியாளர் மனசாரச் சொல்ல முடிந்தது. அதுவரைக்கும் எல்லோரும் குருட்டாம்போக்கில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த 'வீண்' என்ற சொல்லை வைத்தே மூன்றாவது பாலத்தைத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். ஒன்று கெட்டிருந்தது, ஒன்று நன்றாக இருந்தது, அதனால் மூன்றாவதைப் பார்க்கத் தேவையில்லையாம். இதைக் கணக்கு என்று ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார், இன்னொருவர் ஏற்றிருக்கிறார். நான் ஓய்வு பெற்றேன். அதன் பிறகும் வெறும் பொதுஜனமாக மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உரிய காலத்தில் ஆய்வு செய்யப்படும் என்று பதில் வருகிறது. உரிய காலம் எது என்று யாரும் சொல்வதில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய், அங்கே டவுன் பஸ் மாறி என் தங்கை வீட்டுக்குப் போவேன். அந்த பஸ் மூன்றாவது பாலத்தின் மேல்தான் போகிறது. முதல் சில தடவை, பாலத்துக்கு முன் ஸ்டாப்பில் இறங்கி நடந்து கடந்து, அந்தப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். ஒருநாள் அப்படி இறங்கி நின்றபோது பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடைக்காரிகள், கைக்குழந்தையோடு ஒருத்தி. தெரிந்தவள் நான் ஒருத்தி, இறங்கிக்கொண்டேன். தெரியாதவர்கள் எல்லோரும் அதில் போகிறார்கள். அவ்வளவு கேவலமாக என்னை நான் உணர்ந்ததில்லை. அதன் பிறகு இறங்குவதை விட்டுவிட்டேன்.

போன வாரமும் போனேன். பாலம் நெருங்கியதும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மல்லாட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தல சுத்துதா? ஜன்னலாண்ட வர்றீங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பஸ் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கத்து ரோட்டில் இறங்கியது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "நீங்க எந்த ஊரும்மா? தினமும் இந்த வழியாத்தான் போறீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவருடைய ஊர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முன் சீட்டில் இருந்தவர்களும் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது அந்த அம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "திங்கக்கெழம தான மனு குடுப்பாங்க? எங்க ஊருல பத்து பொம்பளைங்கள இட்டுக்கினு வர்றேன். நீங்க கலெக்டர் ஆபீஸ் கேட்டாண்ட நில்லுங்க" என்றார்.

நாளை திங்கட்கிழமை. விடிந்ததும் விழுப்புரம் பஸ் பிடிக்க வேண்டும்.